வைகுண்டராஜனின் சூட்டுக் கட்டி

மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறவனுக்கு ஊரில் பாதிப் பேருடைய அந்தரங்கம் தெரியும். யாருக்கு மூலம், யாருக்கு வலிப்பு, எந்தப் பெரிய மனுஷன் எதற்கு மாத்திரை வாங்குகிறார், எல்லாம் எனக்கு அத்துபடி. அஞ்சுகிராமம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருபத்தேழு வருஷமாகக் கடை நடத்துகிறேன். எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற மிதப்பு எனக்கு உண்டு. அந்த மிதப்பில் மண் விழுந்தது வைகுண்டராஜனால். அவன் மினிபஸ் டிரைவர்.

ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரை அவனும் நானும் ஒரே பெஞ்சு. பத்தில் அவன் கோட்டை விட்டான், நான் தப்பித்தேன். நான் பார்மஸி படிக்கப் போனேன், அவன் லாரியில் கிளீனராக ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டான். அதற்கப்புறம் அந்த மினிபஸ்தான். அஞ்சுகிராமத்தில் ஏற்றி, மயிலாடி, சுசீந்திரம் வழியாகக் கோட்டாறு. கண்ணாடியில் 'அய்யா உண்டு' என்று மஞ்சள் எழுத்து. மீன்காரிகள் தலையில் மீன் சருவத்தோடு எங்கே கை காட்டினாலும் நிறுத்துவான். "நாத்தம் அடிக்கி டிரைவரே" என்று யாராவது மூக்கைப் பொத்தினால், "ராத்திரி சோத்துல அது கெடந்தா மட்டும் மணக்குமோ?" என்று கேட்பான். பஸ் முழுக்கச் சிரிக்கும்.

முதல் கட்டி வந்தபோது அவனுக்கு இருபத்தெட்டு வயது. மத்தியான டிரிப் முடித்து நேராகக் கடைக்கு வந்தான்.

"ஏலே யூஜினு, உக்கார முடியல்ல டே. பொறத்தால ஒரு கட்டி."

"இஞ்சின் சூடுலே. ரெண்டு எளநி குடி. இத அஞ்சு நாளு போடு."

ஐந்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தேன். கட்டி உடைந்தது, ஆறியது. எனக்கும் அவனுக்கும் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. டிரைவர் வேலை பார்க்கிற எவனைக் கேட்டாலும் சொல்வான், பக்கத்தில் இஞ்சின் கொதித்துக்கொண்டிருக்க, நாள் பூராவும் ரெக்சின் சீட்டில் உட்கார்ந்திருந்தால் சூட்டுக் கட்டி வரத்தான் செய்யும் என்று. அதற்கென்று வைத்தியமும் எல்லோருக்கும் மனப்பாடம். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, வெறும் வயிற்றில் ஊறவைத்த வெந்தயம், பதனீர், நொங்கு. இந்த ஊரில் சூடு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அதற்குமேல் ஒருத்தனும் கேள்வி கேட்கமாட்டான்.

மறுபடி வந்தது. அப்புறம் தொடை இடுக்கில். அப்புறம் முதலில் வந்த இடத்திலேயே இரண்டாக. ஒன்று ஆறுவதற்குள் பக்கத்தில் ஒன்று. டீக்கடையில் வழக்கமாக வருகிறவனுக்குக் கேட்காமலே டீ ஆற்றுவார்களே, அதுபோல அவன் தலையைக் கண்டதும் நான் ஒரு அட்டை மாத்திரையும் ஒரு ஆயின்மென்ட்டும் எடுத்து வைப்பேன். இருபத்து நாலு வருஷம். ஒரு தடவையாவது "உள்ள வந்து காட்டுலே, பாப்போம்" என்று நான் சொன்னதில்லை. ஆம்பளைக்கு ஆம்பளை என்ன வெட்கம் என்பார்கள். சும்மா பேச்சு. அந்த இடத்தைக் காட்ட அவனுக்கும் வெட்கம், பார்க்க எனக்கும் வெட்கம்.

வாழ்க்கையை அவன் கட்டிக்குத் தகுந்த மாதிரி வளைத்துக்கொண்டான். பழைய ஸ்கூட்டர் டியூபில் பாதிக் காற்று அடைத்து, அதன்மேல் பூத்துவாலையைச் சுற்றித் தைத்து ஒரு வளையம் செய்தான். அதைச் சீட்டில் போட்டுத்தான் வண்டி எடுப்பான். "ராசா சிம்மாசனம் இல்லாம உக்கார மாட்டாரோ?" என்று நான் கிண்டல் செய்வேன். மாதத்தின் முதல் ஞாயிறு தலைப்பாகை கட்டி, நெற்றியில் நாமம் இட்டு, அய்யா வழிக்காரர்களின் தலைமைக் கோயில் இருக்கிற சாமித்தோப்புக்குப் போகிற வழக்கம் அவனுக்கு. அங்கே முத்திரிக் கிணற்றில் எல்லோரோடும் சேர்ந்து குளிக்க வேண்டும். ஈரத்துணி உடம்போடு ஒட்டும். கொஞ்ச காலம் ஆளில்லாத நேரம் பார்த்துப் போனான். அப்புறம் அதுவும் இல்லை. கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரமாட்டான், டிரிப்புக்கு நேரமாயிற்று என்று நழுவிவிடுவான். மஸ்கட்டில் நர்சாக இருக்கிற மகள் அஞ்சலி போனில் முகம் பார்த்துப் பேசும்போது, "அப்பா ஏன் எப்பவும் நின்னுக்கிட்டே பேசுகிய?" என்று கேட்பாளாம். "நாளெல்லாம் உக்காந்தேதான மக்கா இருக்கேன்" என்பானாம்.

இன்னொன்றும் வாங்க ஆரம்பித்தான். பெண்கள் மாதவிலக்குக்கு வைக்கிற நாப்கின். "வீட்டுக்கு" என்பான். கறுப்புக் கவரில் போட்டுக் கொடுப்பேன். முதலில் மாதம் ஒரு பாக்கெட், அப்புறம் இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. கணக்குப் பார்க்கிற புத்தி எனக்கு எங்கே போயிற்று என்று இப்போது தலையில் அடித்துக்கொள்கிறேன். ஒரு வீட்டில் ஒரு பெண். வாரத்துக்கு ஒரு பாக்கெட்!

இனி சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இரண்டாயிரத்துப் பதினெட்டில் ஒரு நாள். கடையில் மூன்று பேர் நின்றார்கள். வைகுண்டராஜன் ஓரமாக நின்று அவர்கள் போகக் காத்திருந்தான், அவர்கள் போவதாக இல்லை. கடைசியில் கவுன்டரில் சாய்ந்து, மெல்லக் கேட்டான்.

"டே, ஒண்ணு கேக்கட்டா? இந்தக் கட்டி வருஷக்கணக்கா ஆறாம கெடந்தா, வேற என்னமும் ஆயிருமாலே? கேன்சரு கீன்சரு?"

நான் சிரித்தேன். சத்தமாகச் சிரித்தேன். "கட்டி வந்தவனெல்லாம் கேன்சர்ல போனா நாட்டுல ஒரு பஸ்ஸு ஓடாது மக்கா. போலே, போயி எண்ண தேச்சுக் குளி."

அந்த மூன்று பேரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே மாத்திரையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ரோட்டைக் கடந்து பஸ்ஸில் ஏறினான். அதற்கப்புறம் அவன் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை.

நாலு வருஷம் போனது. ஒரு கார்த்திகை மாதம் அவன் மனைவி பகவதியம்மாள் பிரஷர் மாத்திரை வாங்க வந்தாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"மைனி, ஒங்க வீட்டு மனுசனப் போல ஒருத்தரு கெடையாது கேட்டியளா. எந்த ஆம்பள பொண்டாட்டிக்கு வாரம் தவறாம நாப்கின் வாங்கிட்டுப் போவான்?"

அவள் என்னையே பார்த்தாள். "எனக்கு கர்ப்பப்பை எடுத்து எட்டு வருஷம் ஆச்சு அண்ணாச்சி" என்றாள். மாத்திரையைக் கவுன்டரிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டேன்.

நடந்ததைப் பின்னால்தான் கேள்விப்பட்டேன். வீட்டுக்குப் போனவள், அவன் வந்ததும், "எவ அவ?" என்று கேட்டிருக்கிறாள். "எத்தன வருஷமா நடக்கு?" என்று கேட்டிருக்கிறாள். தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சிரு" என்றானாம். பெண்சாதிக்குத் துரோகம் செய்தவன் என்ற பழியை அவன் ஏற்றுக்கொண்டான். இல்லாத ஒரு பெண்ணுக்காக நாலு மாதம் அவள் அவனோடு பேசவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு நடையில் வைத்துவிட்டுப் போவாள். அவன் நின்றுகொண்டே சாப்பிடுவான். வேட்டியை விலக்கிக் காட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். அதைவிட, கெட்ட பெயரைச் சுமப்பது அவனுக்கு லேசாக இருந்திருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு அவன்மேல் இப்போதும் கோபம் வருகிறது, அந்தக் கோபம் சுற்றிக்கொண்டு என்மேலேயே வந்து விழுகிறது.

அந்த மாசியில் பஸ்ஸில் நாற்றம் கிளம்பியது. மீன் நாற்றம் என்றுதான் முதலில் சொன்னார்கள். மீன்காரி வேளாங்கண்ணிக்கு ரோஷம் வந்துவிட்டது. "எம் மீனு இப்படியா நாறும்? இது செத்தது எதுவோ. எலி கெடக்குவே, தேடிப் பாரும்" என்று கண்டக்டர் ஷிபுவிடம் சத்தம் போட்டாள். கோட்டாறில் வண்டியை ஓரங்கட்டி, ஷிபு சீட்டுக்கு அடியிலெல்லாம் குச்சியை விட்டுத் துழாவினான். வைகுண்டராஜனும் இறங்கி, டார்ச் அடித்து அவனோடு தேடினான். மூன்று நாள் தேடினார்கள். பினாயில் ஊற்றிக் கழுவினார்கள். முன்சீட்டில் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போக ஆரம்பித்தார்கள். நாலாம் நாள் அவன் முதலாளியிடம் முதுகுவலி என்று சொல்லி, டியூப் வளையத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்து, காலை பதினொரு மணி இருக்கும், பகவதியம்மாள் கடை வாசலில் வந்து நின்றாள். செருப்பு இல்லை. முந்தானையில் ரத்தம்.

"அண்ணாச்சி, ஓடி வாங்க. அவிய குளிமுறியில விழுந்துட்டாவ. நான் பாத்துட்டேன். பொம்பள இல்ல அண்ணாச்சி. எவளாவது ஒருத்தியா இருந்திருக்கலாமே! ஒரு பொம்பளயா இருந்திருக்கலாமே!"

பள்ளிக்கூடத்தில் ஒன்றாகக் குளத்தில் குதித்தவனின் உடம்பை அன்றைக்குத்தான் பார்த்தேன். உட்காரும் இடம் முழுக்கத் தழும்பும் குழியும், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தோலுக்கு அடியில் வழி போட்டதுபோல. அதன் நடுவே, இடது பக்கத்தில், பூக்கோசு மாதிரி சதை வெளியே வளர்ந்து ரத்தம் கசிந்தது. படித்தவன் நான். பார்த்த கணத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் முகத்தைத் தரையில் புதைத்துக்கொண்டு, "பாக்காதலே, போலே" என்று அழுதான்.

நாகர்கோவிலில் தோல் டாக்டர் ஒரு துண்டு சதை எடுத்து அனுப்பினார். பத்து நாளில் ரிசல்ட் வந்தது. திருவனந்தபுரத்துக்குப் போகச் சொன்னார்கள். கார் பிடிக்கிறேன் என்றேன். காரில் குப்புறப் படுத்துக்கொண்டு போனால் ஊர் முழுக்க என்னவென்று கேட்கும், பஸ்ஸில் போவோம் என்று ஒரே பிடியாக நின்றான். நாகர்கோவிலில் ஏறினோம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தக்கலையில் ஒரு வயதானவர் அவன் முகத்தைப் பார்த்து எழுந்து இடம் கொடுத்தார். வேண்டாம் என்றான். மார்த்தாண்டத்தில் பாதி பஸ் காலியானது. கண்டக்டர் வந்து, "இவ்வளவு சீட்டு கெடக்கு, வழிய அடைச்சுக்கிட்டு நிக்கியளே, உக்காருமய்யா" என்று எரிந்து விழுந்தார். அந்தப் பஸ்ஸில் நின்றது நாங்கள் இரண்டு பேர்தான், அவனும் நானும். வாழ்நாள் முழுக்க ஊரை உட்கார வைத்து ஓட்டியவன் அவன். களியக்காவிளை தாண்டும்போது இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துத் தொங்கினான். நான் வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். மலையாளம் கலந்த தமிழில் பொறுமையாகத்தான் பேசினார். இது சூட்டால் வந்ததும் இல்லை, அழுக்கால் வந்ததும் இல்லை, தொற்றுவதும் இல்லை. மயிர்க்கால்கள் அடைத்துத் திரும்பத் திரும்பப் புண்ணாகிற தோல் நோய், ஆயுசுக்கும் கூடவே வரும். அதற்கு வைத்தியம் உண்டு. கவனிக்காமல் வருஷக்கணக்காக ஆறாமல் கிடந்தால் சிலருக்கு அதே இடத்தில் புற்று பிடிக்கும். இவருக்குப் பிடித்துவிட்டது. தொடை இடுக்கில் நெறிகட்டிக்கும் போயிருக்கிறது.

"இத்தனை வருஷம் டாக்டரைக் காணிக்காம எங்கேருந்து மருந்து வாங்கிக் கழிச்சது?" என்று கேட்டார். "சீட்டு இல்லாம ஆன்டிபயாடிக் தந்தது யாரு? அந்தக் கடைக்காரனைப் பிடிச்சு உள்ளே போடணும்."

நான் பக்கத்தில் நின்றேன். படுக்கையில் குப்புறக் கிடந்த வைகுண்டராஜன் தலையைத் திருப்பாமல் சொன்னான்.

"ஒரு கடைன்னு இல்லம்மா. வண்டி நிக்க எடத்துலெல்லாம் வாங்குனேன். யாரையின்னு சொல்ல?"

"இவர் யாரு?" என்று டாக்டர் என்னைக் காட்டிக் கேட்டார்.

"இது எங்கூட படிச்சவன். தொணைக்கு வந்திருக்கான்."

ஆபரேஷன் செய்தார்கள். ஒரு பக்கச் சதையை அடியோடு எடுத்தார்கள். மலம் போக வயிற்றில் வழி வைத்தார்கள். ஊரில் கரண்ட் என்று சொல்கிற கதிர்வீச்சு வைத்தார்கள். இனி வண்டி ஓட்ட முடியாது என்று சொன்னபோதுதான் அவன் உடைந்தான், உயிர் போகும் என்று சொன்னபோது இல்லை. ஐந்து மாதத்தில் நுரையீரலில் தெரிந்தது. வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். அஞ்சலி வேலையை விட்டுவிட்டு வந்தாள். அந்தப் பெண்தான் அப்பாவின் புண்ணைக் கழுவினாள். எத்தனை பேருக்கோ செய்தவள், சொந்த அப்பன் போனில் நின்றுகொண்டே பேசியதற்குக் காரணம் தெரியாமல் இருந்துவிட்டோமே என்று அவளுக்குள் என்ன ஓடியதோ, எனக்குக் கேட்கத் தைரியம் இல்லை.

தினமும் கடையைப் பூட்டிவிட்டு மத்தியானம் போவேன். வேறு என்ன செய்ய? பஞ்சும் மருந்தும் கொண்டு போவேன். ஒரு நாள் பகவதியம்மாள் என்னிடம் அங்கலாய்த்தாள்.

"எங்கிட்டதான் காட்ட வெக்கம். நீங்க படிச்சவிய, கூட்டுக்காரரு. ஒரு வார்த்த ஒங்ககிட்ட கேட்டிருந்தா, அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பியள்லா?"

கட்டிலில் குப்புறக் கிடந்தவன், "அவன் என்ன டாக்டரா? அவங்கிட்ட எதுக்குக் கேக்கணும்?" என்றான். "போயி அவனுக்கு கட்டஞ்சாய போடு."

அவள் அடுக்களைக்குப் போனாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்தால்தான் அவன் முகம் தெரியும்.

"ஏம்லே என்னக் காப்பாத்துக?" என்று கேட்டேன்.

"கடைய அடச்சிட்டா ஊர்ல கெழடு கட்டையெல்லாம் மாத்திரைக்கு நாகரோயிலுக்கா போவும்?" என்றான். மூச்சு வாங்கியது. அப்புறம், "ஆனா நீ அன்னைக்கு சிரிச்சிருக்காண்டாம் டே" என்றான்.

அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. என் தலையில் கையை வைத்தான், அவ்வளவுதான். அது போதுமா என்றால் போதாது. பகவதியம்மாள் சாயா கொண்டுவந்தபோது நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவன் என்னிடம் கேட்டதும் நான் சிரித்ததும் அவளுக்கு இன்றுவரை தெரியாது.

கடைசி வாரத்தில் ஒரு நாள் தானாகவே பேச்செடுத்தான்.

"எங்க வழியில உக்கார வச்சுல்லா அடக்குவாவ. அங்க போயி வலியில்லாம உக்காந்துக்கிடுகேன் டே."

அய்யா வழிக்காரர்கள் செத்தவர்களை எரிப்பதில்லை. இப்போதெல்லாம் பலர் படுக்க வைத்தே புதைத்துவிடுகிறார்கள், அவன் குடும்பத்தில் மட்டும் பழைய முறை. வடக்கு பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார வைப்பார்கள். மாசி பிறந்து எட்டாம் நாள் அவன் போனான். வீட்டுக்குப் பின்னால் அவர்களுடைய தென்னந்தோப்பிலேயே குழி வெட்டினார்கள். குளிப்பாட்டித் தலைப்பாகை கட்டி, நெற்றியில் நாமம் இட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள். பதினொரு மாதத்துக்குப் பிறகு அவன் முகம் மேலே பார்த்தது அன்றைக்குத்தான்.

குழிக்குள் இரண்டு பேர் இறங்கி நின்றார்கள். மேலே நாலு பேர் அவனைப் பிடித்து, காலை மடக்கி, மெல்ல இறக்கினார்கள். அடியில் வெறும் மண். அவன் இடுப்பு கீழே படப்போகிற நேரம், என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

"பைய, பைய வையுங்கலே! அவனுக்குக் கட்டி உண்டு!"

எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பாதியில் அந்தரத்தில் அவன் இருந்தான். ஷிபு முகத்தைப் பொத்திக்கொண்டான். குடும்பத்துப் பெரியவர் ஒருத்தர், "இனி அவனுக்கு என்ன வலி தம்பி" என்று என் தோளைத் தொட்டார்.

பகவதியம்மாள் தென்னை மூட்டில் நின்றுகொண்டிருந்தாள். "எறக்காதிய, அப்படியே நில்லுங்க" என்றாள். விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். திரும்பி வரும்போது கையில் அந்த ஸ்கூட்டர் டியூப் வளையம். பூத்துவாலை துவைத்துத் துவைத்து வெளுத்திருந்தது. காற்று இருக்கிறதா என்று ஒரு தரம் அமுக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். பெரியவர் விலகி எனக்கு வழிவிட்டார்.

நான் குழிக்குள் இறங்கி அதை மண்ணில் சமமாக வைத்தேன். அதன்மேல் அவனை உட்கார வைத்தோம்.